கெஷ்ம் தீவின் கிணறுகள்

பாரசீகம் தரையில் புலி, தண்ணீரில் பூனை என்றொரு கருத்து வரலாறு படிப்பவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. சான்று கேட்டால் கையோடு எடுத்து வைப்பார்கள். கிரேக்கரோடு நடந்த சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பேரரசர் செர்க்சீஸுக்காகச் சண்டையிட்டவை பினீசியர், எகிப்தியர், அயோனியக் கிரேக்கரின் கப்பல்கள். ஹோர்முஸ் தீவை 1515இல் போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டபோது எதிர்த்து நிற்கப் பாரசீக மன்னர் ஷா இஸ்மாயிலிடம் கடற்படை என்று ஒன்று இல்லை. 1622இல் அதே தீவை மீட்டபோதும் ஆங்கிலேயக் கப்பல்களை வைத்துத்தான் மீட்டார்கள். நாதிர் ஷா ஆசை ஆசையாகத் திரட்டிய கடற்படை அவர் சாவதற்குள்ளேயே சிதறிவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்தக் கருத்து எனக்குச் செரிக்கவில்லை. கடலைக் கண்டு மிரண்டவர்கள் என்றால், கி.பி. 570 வாக்கில் பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்சத்து முதலாம் குஸ்ரோ எட்டுக் கப்பலில் எண்ணூறு பேரை ஏமனுக்கு அனுப்பியது எப்படி? சிறையிலிருந்த வீரர்களை விடுவித்து வஹ்ரிஸ் என்ற முதியவரின் தலைமையில் ஏற்றினார்கள், வழியில் இரண்டு கப்பல் மூழ்கியது, மிச்சம் அறுநூறு பேர் இறங்கி நாட்டைப் பிடித்தார்கள் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் கதை கலந்திருக்கலாம். ஏமன் சாசானியர் கைக்குப் போனது கதையல்ல.

கப்பலை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் இங்கே கோளாறு என்று நினைக்கிறேன். பாரசீக வளைகுடாவில் ஒரு கப்பல் பிழைத்துக் கிடக்கக் கரையிலிருந்து என்னென்ன வேண்டும், அவை யார் கையில் இருந்தன என்று பார்த்தால் படம் வேறாகத் தெரிகிறது. அதற்கு 1622 ஹோர்முஸ் முற்றுகையைவிட நல்ல பாடம் கிடையாது. அதிலும் ஹோர்முஸில் நடந்த சண்டையைவிட அதற்கு முன்னால் பக்கத்துத் தீவான கெஷ்மில் நடந்ததுதான் முக்கியம்.

வடகரையின் சாதகம்

வளைகுடா ஆழமில்லாத கடல். சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டர்தான். அரபுக் கரைப் பக்கம் மணல்திட்டு, பவளப்பாறை, முத்துப்படுகை என்று மேடேறிக் கிடக்கிறது. ஆழமான பகுதி ஈரான் கரையை ஒட்டிப் போகிறது. அந்தக் கரைக்குப் பின்னால் ஸாக்ரோஸ் மலைத்தொடர் கடலுக்கு இணையாக நிற்பதால் தொலைவிலிருந்தே மலைமுகடு தெரியும். பாய்மரக் காலத்து மாலுமிக்கு அதுவே வழிகாட்டி. பெரிய கப்பல்கள் வடகரையை ஒட்டிப் போனதற்கும், சிராஃப், கீஷ், ஹோர்முஸ் என்று பெரிய துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கமே எழுந்ததற்கும் இது முதல் காரணம்.

காற்று இரண்டாவது காரணம். இந்தியாவிலிருந்து கிளம்பும் கப்பல்களை வடகிழக்குப் பருவக்காற்று அரபிக்கடலைத் தாண்டி வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை வாய்வரை கொண்டுவந்து விட்டுவிடும். உள்ளே நுழைந்ததும் ஆண்டின் பெரும்பகுதி வடமேற்கிலிருந்து ஷமால் என்ற காற்று எதிர்முகமாக வீசும். கனமான கப்பலை பஸ்ராவரை எதிர்க்காற்றில் வளைத்து வளைத்து ஓட்டுவது நாளையும் தண்ணீரையும் தின்னும் வேலை. ஆகவே வாயிலேயே சரக்கை இறக்கி, சின்ன மரக்கலங்களில் மாற்றி மேலே அனுப்புவது லாபம். நீரிணை வாயில் எங்காவது ஒரு கிடங்கு ஊர் இருந்தே தீரவேண்டும் என்பது இதனால்தான். பெயர் மாறும், இடம் பத்து இருபது மைல் நகரும், ஊர் இருக்கும்.

மூன்றாவது, மலைக்கு அப்பால் இருப்பது. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் நடுவே கணவாய்கள். லார் வழியாக ஷிராஸுக்கும் அங்கிருந்து இஸ்ஃபஹானுக்கும் போகும் ஒட்டகச் சாத்து, வழியில் குறிப்பிட்ட இடங்களில் தண்ணீர்த் தொட்டி இருந்தால்தான் நகரும். கணவாயையும் தொட்டிகளையும் வைத்திருப்பவன் துறைமுகத்தின் கழுத்தில் கை வைத்திருக்கிறான். ஒரு தோணிகூட இல்லாத ஆளுநரால் ஒரு துறைமுகத்தைப் பட்டினி போட முடியும்.

தண்ணீர் இல்லாத தலைநகரம்

பழைய ஹோர்முஸ் தீவில் இருக்கவில்லை. இன்றைய மினாப் பக்கம் நிலப்பகுதியில் இருந்தது. மார்க்கோ போலோ பார்த்தது அதைத்தான். 1300ஐ ஒட்டிக் குதிரைப்படைகளின் சூறையாடல் தாளாமல் அதன் அரசர் ஊரையே தூக்கிக்கொண்டு ஜரூன் என்ற தீவுக்குப் போனார். ஊரின் பெயர் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. குதிரை கடல் தாண்டாது என்ற கணக்கு சரி. ஆனால் ஜரூன் ஓர் உப்புக் குன்று. பூமிக்கடியிலிருந்து உப்புப்பாறை பிதுங்கி மேலே வந்து உண்டான தீவு அது. சுமார் 42 சதுர கிலோமீட்டர் பரப்பு, சிவப்புக் காவிமண், வெள்ளை உப்பு. பெய்யும் கொஞ்சநஞ்ச மழையும் உப்பில் ஓடிக் கைக்கும். ஓரிரு கிணறும் மழைநீர்த் தொட்டிகளும் போக, குடிதண்ணீர் கெஷ்மிலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் படகில் வரவேண்டும். காய்கறி, விறகு, தீவனமும் அப்படியே.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உச்சத்தில் நாற்பதாயிரம் பேர் அங்கே வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் என்று குடிக்க மட்டும் வைத்தாலே நாளுக்கு 1,20,000 லிட்டர். ஒரு படகுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்று தாராளமாகக் கொடுத்தாலும் தினமும் பன்னிரண்டு படகு வந்தாகவேண்டும், கடல் கொந்தளிக்கும் நாளிலும். இதில் குதிரைகளுக்கான தண்ணீரைச் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஹோர்முஸின் பெரிய ஏற்றுமதியே குதிரை.

அந்தக் குதிரைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. பாண்டியருக்குக் காயல் துறையில் இறங்கியவை இந்த வளைகுடாக் குதிரைகள்தான். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுக்கவேண்டும் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்திருக்கிறார். ஜமாலுத்தீனின் தம்பியே பாண்டியரிடம் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால் அந்த ஒப்பந்தம் ஏன் அத்தனை தாராளமாக இருந்தது என்று புரியும். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையைச் சொல்லி வளர்ந்த ஊருக்குக் குதிரைப் பணத்தின் கனம் தெரிந்துதான் இருந்திருக்கும்.

ஹோர்முஸின் இந்தத் தாகத்தை முதலில் ஆயுதமாக்கப் பார்த்தவர் போர்த்துக்கீசியத் தளபதி அஃபோன்சோ டி அல்புகெர்க். 1507இல் சிறு கப்பற்படையோடு வந்து தீவை மடக்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார். கல் சுமக்கும் வேலையில் வெறுத்துப்போன அவருடைய தளபதிகளோடு தகராறு முற்ற, ஊரும் எதிர்த்து எழுந்தது. தீவிலிருந்த கிணறுகளைத் தூர்க்கவும் கெஷ்மிலிருந்து வரும் படகுகளை மறிக்கவும் முயன்றார். கப்பல் போதவில்லை, 1508 தொடக்கத்தில் மூன்று தளபதிகள் கப்பலோடு இந்தியாவுக்குக் கம்பி நீட்டியதும் முற்றுகை குலைந்தது. 1515இல் பெரும்படையோடு திரும்பி வந்துதான் தீவைப் பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு சால்திரான் போரில் ஒட்டோமானியத் துருக்கியரின் பீரங்கிகளிடம் ஷா இஸ்மாயில் நொறுங்கியிருந்தார். தெற்கே ஒரு தீவைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அவர் இல்லை. கடலில் இருந்து மட்டும் அந்தத் தண்ணீர்க் குழாயை அடைக்க முடியாது, கரையும் கூட இருக்கவேண்டும் என்பதை அல்புகெர்க்கின் முதல் தோல்வி காட்டிவிட்டது. அடுத்த நூறாண்டு போர்த்துக்கீசியர் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததுதான் விந்தை. எதிர்க்கரை பலவீனமாக இருந்தவரை தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

1621, 1622

பின்னாளில் பாரசீகத்தை ஆண்ட ஷா அப்பாஸ் அவசரப்படவில்லை. 1602இல் பஹ்ரைனை எடுத்தார். 1614இல் எதிர்க்கரையில் போர்த்துக்கீசியர் வைத்திருந்த கோம்ரூன் கோட்டையை எடுத்தார். 1619இல் பட்டு ஏற்றுமதியை அரச ஏகபோகமாக்கினார். இந்த மூன்றையும் தனித்தனியாகப் படிப்பது வழக்கம். எனக்கு அவை ஒரே கயிற்றின் மூன்று முறுக்கு. காஸ்பியன் கரைக் கீலானில் விளையும் பட்டு ஒட்டோமானியர் நகரமான அலெப்போ வழியாகப் போனால் சுங்கம் ஒட்டோமானியருக்கு. தெற்கே கடல்வழி போனால் அந்தப் பணம் எதிரிக்குப் போகாது. ஆனால் நீரிணை வாயில் போர்த்துக்கீசியர் உட்கார்ந்துகொண்டு அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ பட்டு வேண்டும். 1616இலேயே நீரிணைக்கு வெளியே ஜாஸ்க் துறையில் அவர்களுடைய முதல் கப்பல் வந்து நின்றுவிட்டது.

இதை முறிக்க மாட்ரிட் அனுப்பிய ஆள் ரூய் ஃப்ரெய்ரி டி அந்த்ராடி. (போர்த்துகல் அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில்.) ஜாஸ்க் அருகே ஆங்கிலேயரோடு மோதி, அவர்களுடைய தளபதி ஷில்லிங் சாக, தானும் அடிபட்டுத் திரும்பினார். பிறகு 1621 மே மாதம் கெஷ்மின் கிழக்குமுனையில் இறங்கிக் கிணறுகளை ஒட்டி ஒரு கோட்டை எழுப்பினார். ராணுவக் கணக்கில் இது முட்டாள்தனம் அல்ல. ஹோர்முஸின் உயிர் அந்தக் கிணறுகளில் இருக்கிறது, ஆகவே அங்கே காவல் வேண்டும் என்று சரியாகத்தான் யோசித்திருக்கிறார். பிழை வேறிடத்தில் இருந்தது. அதுவரை கெஷ்ம் தண்ணீர் ஒரு வியாபாரம். கோட்டை எழும்பிய நாளிலிருந்து அது ஒரு போர்முனை. பாரசீகப் படை கால்வாய் போன்ற குறுகிய கடலைத் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்து கோட்டையைச் சூழ்ந்தது. ஹோர்முஸைக் காக்கவேண்டிய ஆட்களும் கப்பல்களும் இப்போது கெஷ்மையும் காக்கவேண்டி வந்தது. ஒரு காவலை இரண்டாகக் கிழித்துக்கொண்டார்கள்.

எனினும் கோட்டை மாதக்கணக்கில் தாங்கியது. கடல் பக்கம் திறந்திருந்ததே காரணம். அதை அடைக்கத்தான் ஷிராஸ் ஆளுநர் இமாம் குலி கானுக்குக் கப்பல் தேவைப்பட்டது. 1621 டிசம்பரில் வெட்டல், பிளைத் இருவரின் கீழ் ஐந்து ஆங்கிலக் கப்பலும் நான்கு சிறு கலங்களும் பட்டு ஏற்ற வந்தன. கான் சொன்னது எளிது: உதவினால் பட்டு வரும், இல்லையென்றால் சாத்து நகராது. ஸ்பெயினோடு இங்கிலாந்து சமாதானத்தில் இருந்த நேரம்; வணிகத்துக்கு வந்த மாலுமிகள் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கொள்ளையில் சரிபாதி, சுங்கத்தில் பாதி, ஆங்கிலச் சரக்குக்குச் சுங்கமில்லை, கப்பல் செலவில் பாதியைப் பாரசீகம் ஏற்கும், பிடிபடும் கிறித்தவர் ஆங்கிலேயரிடம், முஸ்லிம்கள் பாரசீகரிடம். கடற்படை இல்லாத ஒரு ஆளுநர், பட்டு மூட்டைகளைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்தே ஒரு கடற்படையை வாடகைக்கு எடுத்துவிட்டார். பூனை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

ஆங்கிலேயர் பீரங்கிகளைக் கரையில் இறக்கியதும் கெஷ்ம் கோட்டை நீடிக்கவில்லை. வடதுருவப் பக்கம் பாஃபின் விரிகுடாவுக்குப் பெயர் கொடுத்த வில்லியம் பாஃபின் இங்கேதான் செத்தார். பீரங்கி குறி வைக்கக் கோட்டைச் சுவரின் உயரத்தையும் தூரத்தையும் கருவியால் அளந்துகொண்டிருந்தபோது குண்டு பாய்ந்தது. 1622 ஜனவரி 23. (தேதிகள் ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி, போர்த்துக்கீசியர் கணக்கில் பத்து நாள் கூட்டிக்கொள்ளவேண்டும்.) சில நாளில் கோட்டை சரணடைந்தது. ரூய் ஃப்ரெய்ரி கைதியாக சூரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கிருந்து தப்பினார்.

இனி ஹோர்முஸில் மிச்சமிருந்தது நேரக் கணக்கு மட்டுமே. பிப்ரவரி இரண்டாம் வாரம் சுமார் மூவாயிரம் பாரசீக வீரர்கள் இறங்கி ஊரைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியர் தீவின் வடமுனைக் கோட்டைக்குள் ஒடுங்கினார்கள். கோட்டைச் சுவருக்கடியில் ஒண்டிக் கிடந்த அவர்களுடைய கப்பல்களில் சான் பெத்ரோ என்ற பெருங்கப்பலுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆனால் கோட்டையை நேரடியாகப் பிடிப்பது நடக்கவில்லை. பாரசீகர் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கிக் கொளுத்தினார்கள். மார்ச் நடுவில் கொத்தளத்தில் பிளவு விழுந்தது. வெடித்த மதில் சரிந்து செங்குத்தான கற்குவியலாகக் கிடக்கும். ஏறுபவர் வரிசையாகத்தான் ஏறமுடியும். மேலே நிற்பவர் வெடிமருந்துச் சட்டிகளையும் கற்களையும் உருட்டினால் முதல் வரிசை பின்வரிசையின்மேல் விழும். அப்படியே விழுந்தது, தாக்குதல் பெரும் உயிர்ச்சேதத்தோடு முறிந்தது. பிறகும் சுரங்கங்கள், பிறகும் தாக்குதல்கள். கோட்டைக்குள் பெரிய நிலத்தடித் தொட்டி இருந்தது. ஆனால் படைவீரரோடு ஊர்மக்களும் பெண்களும் குழந்தைகளும் உள்ளே நெருக்கியடித்தபோது தொட்டி எத்தனை நாள் வரும்? வயிற்றுப்போக்கு பரவியது. கோவாவிலிருந்து வரவேண்டிய உதவி நேரத்துக்கு வரவில்லை. பாரசீகரிடம் பணிவதைவிட ஆங்கிலேயரிடம் பணிவது மேல் என்று பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினார்கள். ஏப்ரல் 23 அன்று, 107 ஆண்டுப் பிடி முடிந்தது.

சுவரை உடைத்தது வெடிமருந்து என்றாலும், தாமதத்தைத் தாங்க முடியாத நிலையை உண்டாக்கியது கெஷ்ம். கிணறுகள் போர்த்துக்கீசியர் கையில் இருந்திருந்தால் அதே கோட்டை வெயில்காலத்தைத் தாண்டியிருக்கும். வெளியே நின்ற ஆங்கிலக் கப்பல்கள்தான் நோயில் கரைந்திருக்கும்.

சுங்கத்தில் பாதி என்றால் எவ்வளவு

வெற்றிக்குப் பின் ஷா அப்பாஸ் செய்த காரியம் எனக்கு முற்றுகையைவிடச் சுவையானது. ஹோர்முஸ் ஊரை அவர் திரும்பக் கட்டவில்லை. துறைமுகத்தை எதிர்க்கரைக் கோம்ரூனுக்கு மாற்றினார். அது பந்தர் அப்பாஸ் ஆயிற்று. தண்ணீரையும் கணவாயையும் கையில் வைத்திருப்பவருக்கு நடுக்கடலில் உப்புக் குன்று எதற்கு? சரக்கு இனி அவருடைய நிலத்தில் இறங்கும், அவருடைய சுங்கச்சாவடியில் எண்ணப்படும்.

எண்ணுவது அவருடைய ஆட்கள் என்பதால் ஆங்கிலேயரின் 'பாதி' ஒருநாளும் பாதியாக வரவில்லை. கணக்கு எழுதுபவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் சரக்கு வேறு துறையில் இறங்கியிருக்கும். பிற்பாடு ஆண்டுக்கு 1,000 தோமான் (பாரசீக நாணயம்) என்று மொத்தமாகப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அதுவும் இழுபறி. இந்தப் பக்கம் லண்டனில், பிடித்த கொள்ளையில் பங்கு கேட்டு பக்கிங்ஹாம் பிரபு 10,000 பவுன் கறந்தார், மன்னர் ஜேம்ஸுக்கு இன்னொரு 10,000. கம்பெனி ஒரு தீவை வென்று கொடுத்து நஷ்டத்தில் வீடு திரும்பியது என்று சொன்னால் மிகையில்லை.

ஷாவுக்கும் எல்லாம் பலிக்கவில்லை. கீலான் பட்டைத் தெற்கே திருப்பும் கனவு அரைகுறையாகத்தான் நிறைவேறியது. காஸ்பியன் கரையிலிருந்து பந்தர் அப்பாஸ்வரை நாட்டின் முழு நீளத்தையும் ஒட்டகம் கடக்கவேண்டும். இஸ்ஃபஹானிலிருந்தே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அலெப்போ வழி பழகிய ஆர்மீனிய வணிகர்களுக்கு அந்தப் பாதையே கட்டுபடியாயிற்று. மஸ்கட்டுக்கு ஒதுங்கிய போர்த்துக்கீசியர் அங்கிருந்து தொல்லை கொடுத்தார்கள்; 1650இல் மஸ்கட்டை ஓமானியர் எடுத்தபிறகு அவர்கள் அதைவிடத் தொல்லை கொடுத்தார்கள். வாடகைக் கப்பல் வேலை முடிந்ததும் போய்விடும். கடல் திரும்பவும் யாருடையதும் இல்லை.

மாசந்தரான் மரம்

இந்த வெற்றிடத்தைச் சொந்தக் கப்பலால் நிரப்பப் பார்த்தவர் நாதிர் ஷா. 1734 முதல் லத்தீஃப் கான் என்ற தளபதியின் கீழ், ஐரோப்பியக் கம்பெனிகளிடம் கெஞ்சியும் மிரட்டியும் கப்பல் வாங்கி, வளைகுடாவின் வடகரைத் துறைமுகமான புஷேரைத் தளமாக்கினார். 1736இல் பஹ்ரைன் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஓமானுக்குள் படை இறங்கியது. மஸ்கட் நகரம் கிடைத்தாலும் அதன் கோட்டைகள் உடனே கிடைக்கவில்லை, தளபதிகளுக்குள் பொறாமை, 1740இல் கூலி வராத அரபு மாலுமிகள் கலகம் செய்து கப்பல்களோடு போய்விட்டார்கள். அந்தக் கரையில் கப்பலோட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நாதிரின் தரைப்படைக்காரர்களுக்குப் பாய் கட்டவும் தெரியாது.

பெரிய சிக்கல் மரம். வளைகுடாவின் இரு கரையிலும் கப்பல் மரம் கிடையாது. சிராஃப் காலத்திலிருந்தே தேக்கு மலபாரிலிருந்து வந்தது. நாதிர் தேக்கை விட்டுவிட்டு, காஸ்பியன் கரை மாசந்தரான் காடுகளில் மரம் வெட்டி, நாட்டின் குறுக்கே மலை தாண்டி ஆயிரம் கிலோமீட்டர் சுமந்து புஷேருக்குக் கொண்டுவரச் சொன்னார். குடியானவர்கள் தோளில் சுமந்தார்கள். நீண்ட அடிமரங்களைக் கணவாய் வளைவில் திருப்பவே முடியாது. மழையிலும் வெயிலிலும் கிடக்கும் மரம் வெடிக்கும், முறுக்கும். கட்டத் தொடங்கிய கப்பல் முடியவே இல்லை. அதன் விலாச்சட்டங்கள் வெகுகாலம் புஷேர் கரையில் கிடந்தன. 1743இல் மஸ்கட் விழுந்தபோதும் நிலைக்கவில்லை. ஓமானியத் துறைமுகமான சோஹாரைக் காத்து நின்ற அஹ்மத் பின் சயீத் பிறகு ஓமானில் ஓர் அரசவம்சத்தையே தொடங்கிவிட்டார்; அது இன்றும் ஆள்கிறது.

ஷா அப்பாஸ் தன்னிடம் இருந்ததைக் கொண்டு பேரம் பேசினார், நாதிர் தன்னிடம் இல்லாததைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போனார். இதை வைத்து நாதிரை மட்டம் தட்டத் தேவையில்லை. மலபாரிலோ சூரத்திலோ கப்பல் கட்டித் தரும் ஒரு நிரந்தரக் கூட்டாளி இருந்திருந்தால் கதை வேறு. இல்லாதபோது மலைக்கு அந்தப் பக்கத்து மரத்தை வைத்துக் கடற்படை கட்டலாம் என்று ஒருவர் நம்பியதுதான் ஆச்சரியம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே கோடு தெரிகிறது. 1988 ஏப்ரல் 14 அன்று ஈரான் போட்ட ஒரு கண்ணிவெடி அமெரிக்கப் போர்க்கப்பல் சாமுவேல் பி. ராபர்ட்ஸின் அடிவயிற்றைக் கிழித்தது. நான்கு நாள் கழித்து அமெரிக்கா திருப்பி அடித்தபோது ஈரானின் சஹாந்த் என்ற போர்க்கப்பல் ஒரே பகலில் மூழ்கியது, சபலான் ஊனமாகியது. வாங்கிய பெருங்கப்பல்கள் போயின. நீரிணையை அச்சுறுத்தும் வல்லமை போகவில்லை. மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வாயில், எண்ணெய்க் கப்பல்கள் போக இரண்டு கடல் மைல், வர இரண்டு கடல் மைல், நடுவே இரண்டு கடல் மைல் இடைவெளி என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளின் பெரும்பகுதி ஓமான் பக்கத்து நீரில் இருந்தும், கப்பல் தலைவன் பார்ப்பது வடகரையைத்தான்.

பிடியை வைத்திருப்பவனுக்கும் அதே பிடி இறுகும் என்பது ஈரானுக்குத் தெரியும். தன் எண்ணெயும் அதே வாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். 2021 ஜூலையில் நீரிணைக்கு உட்பக்கம் இருக்கும் கோரேயிலிருந்து ஜாஸ்க்வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு எண்ணெய்க் குழாயைத் திறந்தார்கள், நீரிணைக்கு வெளியே கப்பலில் ஏற்ற. போர்த்துக்கீசியரின் சீட்டு இல்லாமல் பட்டு ஏற்ற ஆங்கிலேயர் 1616இல் தேர்ந்த அதே ஜாஸ்க் பக்கம்தான்.